மைக்செட் முத்துவின் காலடி விளக்கு

குற்றாலத்து ஐந்தருவியின் ஐந்து கிளைகள் மீதும் ஆணையாகச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. தென்காசி வட்டாரத்தில் என் வாயிலிருந்து வந்த எதையும் மறுக்காமல் கேட்டுத் தலையாட்டிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குத்தான் இப்போது அஞ்சலி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சேதி டவுன் பஸ்ஸில் வந்தது. பங்குனி வெயில். அருவிகள் வற்றி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள்கூட ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜில் என்னையும் ஒரு மின்விசிறியையும் தவிர அசைகிற பொருள் எதுவும் இல்லை. கண்டக்டர் படியில் தொங்கியபடியே கத்தினார்.

“மாமா! உம்ம கூட்டாளி மைக்செட்காரரு போயிட்டாரு!”

“எங்கன? திருநெல்வேலிக்கா? சாமான் வாங்கவா?”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நின்றது. அவர் இறங்கி என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “இல்ல மாமா. போயிட்டாரு” என்றார்.

நிறுத்தமில்லாத இடத்தில் எனக்காக ஒரு பஸ் நின்றது அன்றைக்குத்தான். அதிலேயே ஏறிப் போனேன். டிக்கெட் கேட்க அந்தப் பிள்ளைக்கு மனம் வரவில்லை.

குத்துக்கல்வலசை சுடலைமுத்துவை சங்கத்தின் இந்த அஞ்சலி மலரைப் படிக்கிற சவுண்ட் சர்வீஸ் தோழர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் வெளியூர்க்காரர் யாராவது படிப்பார்கள். கல்யாணமோ கோயில் கொடையோ, முத்து ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினார் என்றால் ஆரியங்காவுக் காட்டில் யானைகள் தாளம் போடும். செங்கோட்டையில் தூங்குகிற குழந்தை எழுந்து அடுத்த பாட்டு என்னவென்று கேட்கும். இரண்டு கூம்புக் குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், கொஞ்சம் சீரியல் விளக்கு. அவ்வளவுதான் சாம்ராஜ்யம். பாட்டு ஓடும் நேரமெல்லாம் வலது உள்ளங்கையை ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் வைத்திருப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஏன் என்று கேட்டால், “பெட்டி சொல்லும் அண்ணாச்சி” என்பார். எல்லோரும் அதைத் தொழில் கர்வம் என்று நினைத்தோம்.

வடகரையில் ஒரு கல்யாணத்தில்தான் எனக்கு விளங்கியது. எழுபதுகளின் கடைசி. மாப்பிள்ளையின் சித்தப்பா வாழ்த்துப்பா வாசிக்க மைக்கோடு குழாய்க்கு நேராகப் போய் நின்றார். குழாய் ஊளையிட்டது. சாதாரண ஊளையா? தோப்பில் இளநீர் குலை குலையாக உதிர்ந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை விழுங்கிவிட்டார். பந்தலே காதைப் பொத்திக்கொண்டு நிற்க, குழாய்க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த முத்து மட்டும் நிதானமாகத் தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கை அன்றைக்குப் பெட்டிமேல் இல்லை, டம்ளரைப் பிடித்திருந்தது.

பந்தல் பிரிந்த பிறகு அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

“வே, உமக்குக் காது கேக்கலியா?”

“மீச மறைக்குது. என்ன சொல்லுதீருன்னு தெரியல.”

அப்போது எனக்கு ஒரு மீசை இருந்தது; இரண்டு அணில்கள் குடித்தனம் செய்யலாம். கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். அவர் என் உதட்டைப் படித்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

“வெளிய சொல்லிராதேயும் அண்ணாச்சி. காது கேக்காதவனுக்கு எவன் கொடைக்கு மைக்செட் சொல்லுவான்?”

வருஷக்கணக்காகக் குழாயடியில் உட்கார்ந்ததில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. முகம் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவார். என் கதைகளுக்கெல்லாம் அவர் மறுக்காமல் தலையாட்டிய ரகசியமும் அப்போதுதான் வெளிப்பட்டது. அந்த மீசைக்குப் பின்னால் நான் என்ன சொன்னேன் என்றே அவருக்குத் தெரியாது! மறுவாரம் மீசையை எடுத்துவிட்டேன். ஊரில் கேட்டவர்களிடம், செண்பகாதேவிக் காட்டில் ஒரு சிறுத்தையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்று சொல்லி வைத்தேன்.

இனி, உங்களில் பலர் தப்பாகப் பேசிக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். முத்துவின் மனைவி செண்பகவல்லி அவரை விட்டு வடகரையிலுள்ள தாய்வீட்டுக்குப் போனது ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னீர்கள். காரணம் சின்னது. அவர் தம் காது போனதை அவளிடமும் மறைத்தார். அடுக்களையிலிருந்து அவள் கூப்பிடுவாள், இவர் திரும்பமாட்டார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. பேச்சுக்கும் பதில் இல்லையென்றால் அவள் என்ன நினைப்பாள்? இந்த மனுஷனுக்கு நம்மைச் சலித்துவிட்டது என்று நினைத்தாள். பெட்டியைக் கட்டினாள்.

போனவள் ஒரு வருஷம் கழித்துத் திரும்பியும் வந்தாள். அதுதான் கொடுமை. முத்து ஜன்னல் வெளிச்சத்துக்காக வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று “ஏங்க” என்று கூப்பிட்டிருக்கிறாள். புருஷனை அதற்குமேல் உரக்கக் கூப்பிட அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றாள். வந்த பஸ் செங்கோட்டை போய்த் திரும்பி வந்ததும் அதிலேயே ஏறிப் போய்விட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டு மாடத்தியக்கா முத்துவின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கேட்டாள்: “வீடு தேடி வந்தவள ஒரு ஏறு ஏறிட்டுப் பாக்க மாட்டீரோ? நீரெல்லாம் மனுசனா?”

அன்றைக்கு முத்து லாட்ஜுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

“வடகரைக்குப் போயி விஷயத்தச் சொல்லும் வே” என்றேன்.

“போயி நிப்பேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பேசுவா. எனக்கு ஒண்ணும் வெளங்காது. தப்பான எடத்துல தலையாட்டித் தொலச்சா?”

“அப்ப நாற்காலியயாவது வாசலப் பாத்துத் திருப்பிப் போடும்.”

அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “வாசலப் பாத்து உக்காந்தா, காத்துக் கெடக்கான்னு ஊருக்கே தெரியாதா?”

ஆக, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வாசலைப் பார்க்க வேண்டும். வருகிற காலடியைக் கண்ணால் கேட்க வேண்டும். அதுவும் பழைய சாமானை வைத்தே செய்ய வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்க மதராஸ் போனால் எதற்கு என்று கேட்பார்கள். உலக விஞ்ஞானிகள் கைவிட்ட இந்தப் பிரச்சினையைத் தீர்க்க என் லாட்ஜைத் தேர்ந்தெடுத்தோம். சீசன் இல்லாத மாதங்கள். அறைகளெல்லாம் காலி, நடந்து பார்க்க நான் ஒருவன் போதும்.

முதலில் டார்ச் விளக்கு. கதவின் ஒரு பக்கம் டார்ச். எதிர்ப்பக்கம், வெளிச்சம் பட்டால் மின்சாரம் விடும் ஒரு சிறு கண். நடுவில் ஆள் வந்தால் வெளிச்சம் மறைந்து, உள்ளே விளக்கு எரியும். பகலில் அந்தக் கண்ணுக்கு டார்ச்சும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. பாட்டரியை மட்டும் தின்றது. அடுத்து ஒரு சின்ன ஸ்பீக்கரையே மைக்காக்கி மாடிப்படிக்கு அடியில் கட்டினார். அது என் காலடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டது. புளியறைக் கணவாயில் ஏறுகிற லாரியெல்லாம் எங்கள் படியில் ஏறியது.

மூன்றாவதாகத் தகர மெத்தை. பிஸ்கட் டப்பாவை வெட்டி எடுத்த இரண்டு தகடு. நடுவே ஓட்டைகள் போட்ட சைக்கிள் டியூப். மேலே ஒரு சாக்கு. மிதித்தால் தகடுகள் தொட்டுக்கொள்ளும், விளக்கு எரியும். தப்பவே தப்பாது. குற்றாலத்துக் குரங்குகள்கூட வரிசையில் நின்று ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்து, விளக்கு எரிந்ததும் கைதட்டிவிட்டுப் போயின. காசும் கிடையாது. நான் அங்கேயே ஆராய்ச்சியை முடித்து, பொன்னாடை போர்த்தத் துண்டைத் தேடினேன்.

முத்து சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிதிச்சா எரியுது. சரி. மிதிச்சது யாருன்னு இது சொல்லுமா?”

“யாரா இருந்தா என்ன வே? திரும்பிப் பாரும்.”

“ஒவ்வொரு தடவையும் அவதான்னு நெனச்சுத் திரும்பிப் பாத்தா, எத்தன நாள் தாங்கும் அண்ணாச்சி?”

பொன்னாடைக்கு எடுத்த துண்டை என் தோளிலேயே போட்டுக்கொண்டேன்.

கடைசியில் அவர் எடுத்தது, ஓட்டை ரெக்கார்ட் பிளேயரிலிருந்து ஒரு முள் தலை. உங்களுக்குத் தெரிந்ததுதான், முள் ஆடினால் உள்ளேயிருக்கிற கிரிஸ்டல் ஒரு துளி மின்சாரம் விடும். பாட்டுத் தட்டின் மேல் வைக்க வேண்டிய அந்த முள்ளை, குழாய் வந்த பெட்டியிலிருந்து பெயர்த்த ஒரு பலகையின் அடியில் அழுத்தி வைத்தார். உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோவின் வயிற்றை ஆம்ப்ளிஃபயர் ஆக்கினார். ஸ்பீக்கர் கட்டவேண்டிய வயரில், சீரியல் செட்டிலிருந்து கழற்றிய ஒரு சிவப்பு பல்ப். பலகையில் கால் பட்டால் பல்ப் அந்தக் காலைப் போலவே எரிந்தது. நான் நடந்தால் பெரிதாக எரிந்து மெல்ல அவியும். பூனை நடந்தால் ஒரு நினைப்பு வந்து போவதுபோல் இருக்கும்.

அதைக் குத்துக்கல்வலசை வீட்டு வாசலுக்கு உட்புறம் பதித்தார். பல்பை வேலை மேஜைக்கு எதிர்ச் சுவரில் காலண்டருக்குக் கீழே மாட்டினார். பிறகு என்னைத் தென்காசிக்குக் கூட்டிப்போனார்.

காசிவிசுவநாதர் கோயில் பக்கத்து வெள்ளிக் கடையில் போய், “மெட்டி” என்றார்.

“யாருக்கு?” என்றார் கடைக்காரர்.

முத்து என்னைக் காட்டினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன். அந்தக் கடை அதன் சரித்திரத்தில் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. என் இரண்டாம் விரலுக்கு ஏற்ற மெட்டி கிடைக்க ஐயனார் சிலையின் அளவுவரை போக வேண்டியிருந்தது.

“அவ மெட்டி கெட்டி” என்றார் பஸ்ஸில். “காலு ஊனுன பொறவு விரலு ஒரு தட்டுத் தட்டும். முன்னெல்லாம் அதக் கேட்டுத்தான் எந்திரிப்பேன்.”

அப்படியாக, மீசையில்லாத ஒரு நடுவயதுக்காரன், லாட்ஜ் மேனேஜர், காலில் மெட்டியோடு முத்துவின் வாசல் பலகையில் ஏறி இறங்கினான். முத்து முதுகைக் காட்டி உட்கார்ந்து பல்பைப் பார்த்தார்.

“கனமா மிதிக்கீரு. பொம்பள மாதிரி நடவும்.”

“எந்தப் பொம்பள வே?”

“கோவத்துல போனவ, கோவம் ஆறித் திரும்பி வந்தா எப்படி நடப்பா? அப்படி.”

ஓர் எட்டு எடுத்து வைத்தேன். விளக்கு எரிந்தது, அவிவதற்குள் ஓரத்தில் ஒரு சின்னச் சிமிட்டல். முத்து கையை மட்டும் தூக்கி, மறுபடி என்று காட்டினார். மறுபடி நடந்தேன். மறுபடி. அவர் தோள்கள் குலுங்குவது முதுகுப்பக்கத்திலிருந்தே தெரிந்தது. அதற்குள் மாடத்தியக்கா ஒரு கிண்ணத்தில் குழம்போடு வந்து நின்று என் காலைப் பார்த்துவிட்டாள். “ஏ ஆத்தி, இந்தக் கூத்து வேறயா!” என்று குழம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போனவள், அதன்பிறகு என்னைக் கண்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று முத்து சத்தியம் வாங்கியிருந்தார். ஆனாலும் ஒரு நாள் வடகரைக்குப் போனேன். செண்பகம் தோட்டத்தில் தென்னையோலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

“செண்பகம், அன்னைக்கு நீ கூப்பிட்டது முத்துவுக்குக் கேக்கல. அவனுக்குக் காதே கேக்காது.”

அவள் ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஊருக்கெல்லாம் சத்தம் போடுத மனுசனுக்குக் காது கேக்காதாக்கும்? சிறுத்தைக்கு மீசையக் குடுத்த ஆளுதான நீங்க?”

“இது நெசம் தாயி.”

“அதையும் அப்படித்தான் மாமா சொன்னீக.” சிரிப்பு நின்றுவிட்டது. “அவருக்கு என்ன வேணும்னா அவரே வந்து கேக்கச் சொல்லுங்க. புளுகுறதுக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.”

ஊரைச் சிரிக்க வைக்க என் வாய் போதும். வேண்டிய இடத்தில் அது செல்லாக் காசு. நான் போனதை முத்துவிடம் சொல்லவில்லை.

பிறகு வருஷங்கள் போயின. குழாய்க்குப் பதில் பெட்டி ஸ்பீக்கர் வந்தது. தட்டுக்குப் பதில் கேசட் வந்தது. முத்துவுக்கு வேலை குறைந்தது. அந்தப் பலகைக்கு மட்டும் ஓய்வில்லை. ஆனி பிறந்து சாரல் விழுந்தால் கிரிஸ்டல் செத்துப்போகும்; ஈரம் அதற்கு எமன். “உப்புப் பிறவி அண்ணாச்சி, கரைஞ்சிரும்” என்று, முள் தலையைத் தைல டப்பாவில் வைத்து மெழுகுவர்த்தியை உருக்கி மூடுவார். ஊரெல்லாம் சீசன் வந்தது என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்கு ஓடும்போது, இந்த மனிதர் ஒருவர்தான் சாரலைத் திட்டிக்கொண்டு மெழுகு உருக்கிக்கொண்டிருப்பார். நல்ல சாரல் நாளாகப் பார்த்து அவள் வந்துவிட்டால்?

நான் போகும்போதெல்லாம் திரும்பாமலே, “வாரும் அண்ணாச்சி” என்பார். தபால்காரர் ஒரு காலை மட்டும் வைப்பார், அதுவும் தெரியும். மாடத்தியக்கா விதவை, மெட்டிச் சிமிட்டல் கிடையாது. அவர் யாரிடமும் எதையும் எதிர்பார்க்கிற மாதிரி இருக்கமாட்டார். ஆனால் பேசும்போது என் உதட்டுக்கும் அந்த பல்புக்குமாகக் கண் போய்ப் போய் வரும். என் கதைகளில் பாதிதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நல்ல பாதி எது என்று நான் கேட்டதில்லை.

வேலை மேஜையிலேயே தலைசாய்ந்து போயிருக்கிறார். பல்ப் அவர் முகத்துக்கு நேராக. நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். உங்கள் காலடியில் அன்று முழுவதும் அது எரிந்து எரிந்து அவிந்தது; ஒருவரும் கவனிக்கவில்லை. நிறுத்திவிடலாமா என்று கை போனது. நிறுத்தவில்லை. வடகரைக்குச் சொல்லியனுப்பிய ஆள் வீடு தெரியாமல் சுற்றியிருக்கிறான். பொழுது சாய்வதற்குள் உடலை எடுத்துவிட வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் நான் மட்டும் அங்கே இருந்தேன். முத்துவின் நாற்காலியில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்தால் அந்த வீடு எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

விளக்கு எரிந்தது. அவியுமுன் ஓரத்தில் ஒரு சிமிட்டல்.

உடனே திரும்பினேன். பலகைமேல் செண்பகம் நின்றாள்; சேதி அன்று காலைதான் போய்ச் சேர்ந்திருந்தது, மெட்டி இன்னும் காலில் இருந்தது. முகத்தில் இரத்தமில்லை.

“மாமா, நீங்களா” என்றாள். “பின்னாலேருந்து பாக்கையில…”

காலண்டரைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், கடைசியில் கேட்டாள். “நெசமாவே அவருக்குக் கேக்காதா?”

“கேக்காது.”

நான் ஆயுளில் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அதுதான். அதை நம்பச் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லாததால், சுவரிலிருந்த பல்பைக் காட்டி, “இறங்கி ஏறு தாயி” என்றேன். இறங்கி ஏறினாள். எரிந்தது, சிமிட்டியது. பின்னால் நகர்ந்து மறுபடி கால் வைத்தாள். அப்புறம் அப்படியே பலகையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து மெதுவாகத் தட்டினாள். விளக்கு எரிந்தது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

அவள் கிளம்பும்போது, நான் போட்டு நடந்த அந்த மெட்டிகளைக் கொடுத்தேன். விஷயத்தைக் கேட்டவள் அழுகையினூடே என் காலைப் பார்த்தாள். “உங்க அளவுக்கு வாங்குனது எனக்கு எதுக்கு மாமா? நீங்களே வச்சுக்கிடுங்க.” பல்பை மட்டும் கழற்றித் தரச் சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஆகவே, தோழர்களே, முத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு ஜோடி மெட்டி, ஒரு பலகை, மெழுகில் புதைந்த ஒரு முள் தலை. பலகையை லாட்ஜ் படியில் போட்டிருக்கிறேன். என் மேஜையில் வேறொரு சிவப்பு பல்ப் மாட்டியாகிவிட்டது. சீசன் இன்னும் தொடங்கவில்லை. மீசையை மறுபடி வளர்க்க மனமில்லை. யாருக்காக எடுத்தேனோ அவர் இல்லை என்றாலும் முகம் அதற்குப் பழகிவிட்டது.

யானைகள் தாளம் போடவில்லை. இளநீர் உதிரவில்லை, நாதஸ்வரக்காரர் சௌக்கியம். குரங்குகள் கைதட்டவில்லை, சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போயின. சிறுத்தையை நான் கண்டதே இல்லை. மற்றவற்றையும் நீங்கள் உங்கள் வழக்கப்படி நம்பாமல் இருக்கலாம். ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜம்: அவள் கால் வைத்ததும் விளக்கின் ஓரம் ஒரு தரம் சிமிட்டியது, சிமிட்டும் என்று அவர் சொன்ன மாதிரியே.